அப்பாவைத் திருத்தி எழுதினேன்

அப்பா பேசிய முப்பது மணி நேரத்தை அழித்தது நான்தான். கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை, வைரஸ் வரவில்லை, யாரும் திருடவில்லை. நானே கிளிக் செய்தேன். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றேன். அன்றைக்கு வேலையை முடித்துவிட்டேன் என்று பெருமையாக வேறு இருந்தது.

முதுகலைக்கு நான் எடுத்த ஆய்வு இதுதான். மனிதன் பேச்சை எப்படிப் புரிந்துகொள்கிறான் என்று அறிய, ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குப் பேச்சைப் பழக்கிப் பார்ப்பது. அதற்கு நிறைய எழுத்தைத் தின்னக் கொடுத்தால், ஒரு வாக்கியத்தில் அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று ஊகிக்கப் பழகிவிடும். ஊகம் தப்பினால் எவ்வளவு தப்பியது என்பதை எண்ணாக எடுக்கலாம். அந்த எண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் ஆச்சரியம். மனிதனும் அப்படித்தான், கேட்கும்போதே அடுத்த சொல்லை ஊகித்துக்கொண்டு இருக்கிறான், எதிர்பாராதது வந்தால் கொஞ்சம் தடுமாறுகிறான். மெஷினின் ஆச்சரியமும் மனிதனின் தடுமாற்றமும் ஒரே இடத்தில் வந்தால், மூளைக்குள் நடப்பதைப் பற்றி ஏதோ தெரிந்துவிட்டது என்று அர்த்தம். குறைந்தபட்சம் என் விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

பேச்சு வேண்டுமே. பலரைப் பதிவு செய்தேன். மைக்கை நீட்டினால் எல்லோரும் கல்யாண மண்டபத்தில் வாழ்த்துரை கொடுப்பவர் மாதிரி ஆகிவிடுகிறார்கள். அப்பா மட்டும்தான் ஆகவில்லை. அவர் கில்லாங் பஸ், அதாவது தொழிற்சாலை பஸ், ஓட்டுபவர். ஆயர் ஈத்தாம் பிளாட்டுகளில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் பாயான் பாருவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வாசலில் இறக்கி, ஷிப்ட் முடிந்தவர்களை மூன்று மணிக்குத் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். வாசலில் ஒரு மணி நேரமாவது காத்திருப்பு இருக்கும். நான் அவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து போனை டேஷ்போர்டில் வைத்துவிடுவேன். அவர் பேசுவார். யார் யாரோடு ஓடிப்போனாள், எந்த சிக்னலில் எந்த போலீஸ் நிற்பான், ஏன் டுரியான் பழத்தை பஸ்ஸில் ஏற்றக்கூடாது என்று பேசிக்கொண்டே இருப்பார்.

அதைக் கேட்டு எழுதியதும் நான்தான். சொன்னது சொன்னபடியே எழுத வேண்டும் என்று என் மேற்பார்வையாளர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அவர் தமிழர், கறாரான பெண்மணி, நாங்கள் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். நான் என்ன செய்தேன் என்பதற்கு ஒரு உதாரணம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அந்தக் கதையை அப்பா வீட்டில் வந்து இன்னும் மூன்று தடவை சொன்னதால் அது மட்டும் மனப்பாடம். அப்பா சொன்னது இது:

"அந்த மோட்டோக்காரன் சிம்பாங்ல சிக்னலே போடாம உள்ள பூந்துட்டான்லா. நான் அடிச்சேன் பாரு பிரேக்கு, பின்னால உள்ள அக்கா தாப்பாவ் பண்ண நாசி லெமாக் பூரா அவ மடியில. முட்டை மட்டும் என் காலுகிட்ட உருண்டு வந்துச்சு. எடுத்துக் குடுத்தேன். ஏச்சுதான் கெடச்சுச்சு."

நான் எழுதியது இது: "சந்திப்பில் ஒரு மோட்டார் சைக்கிளோட்டி சமிக்ஞை காட்டாமல் நுழைந்தார். நான் உடனே பேருந்தை நிறுத்தினேன். பின்னால் அமர்ந்திருந்த பெண்மணி கட்டி வாங்கிவந்த உணவு அவர் மடியில் சிந்தியது. முட்டை ஒன்று என் காலருகே வந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னைக் கடிந்துகொண்டார்."

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த வியாதி புரியும். ஆறு வருடம் கட்டுரை நோட்டில் வாங்கிய சிவப்பு மை அது. வீட்டில் பேசுவது ஒன்று, பேனா எடுத்தால் வருவது வேறொன்று. பேசுகிற மாதிரி எழுதினால் டீச்சர் அடிக்கோடு போட்டு, கொச்சை என்று ஓரத்தில் எழுதுவார். அதனால் ஹெட்போனில் அப்பா "தாப்பாவ்" என்று சொன்னால் என் விரல் தானாக "உணவு" என்று அடித்தது. "லா" வந்த இடங்களில் ஒன்றுமே அடிக்கவில்லை. பாதி பழக்கம், பாதி வெட்கம். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் யாராவது இதைப் படித்துவிட்டு, இந்தப் பெண்ணின் அப்பா இப்படித்தான் பேசுவாரா என்று நினைத்துவிட்டால்?

அப்பாவும் கேட்டுக்கொண்டார், அதையும் சொல்ல வேண்டும். "நல்லா எழுதும்மா. நான் பேசுற மாதிரியே போட்டுராத. ஒங்க டாக்டர் படிச்சிட்டு சிரிக்கப் போறாங்க."

"சிரிக்க மாட்டாங்கப்பா. அவங்களுக்கு சிரிக்கவே தெரியாது."

"பாவம்லா. நம்ம பஸ்ல ஒரு ட்ரிப் ஏத்தி விடு."

டாக்டர் என் பக்கங்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆயர் ஈத்தாம்ல எல்லாரும் இவ்ளோ சுத்தமாவா பேசுறாங்க?"

"ரெக்கார்டிங்னு தெரிஞ்சதும் கொஞ்சம் ஃபார்மல் ஆயிட்டாங்க, டாக்டர்."

பச்சைப் பொய். அவர் நம்பினார், அல்லது அவருக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தது. எழுதி முடித்ததும் குரல் பதிவுகளை அழித்துவிட வேண்டும், குரலை வைத்து ஆளை அடையாளம் கண்டுவிடலாம் என்பது ஆய்வு விதி. அப்பா கையெழுத்துப் போட்ட படிவத்திலேயே அது இருந்தது. அழித்தேன்.

மூன்றே வாரம். பஸ்ஸில் வரும் ஒரு அக்கா போன் பண்ணினார். "தங்கச்சி, அப்பா ஸ்டியரிங்ல ஒக்காந்துக்கிட்டே ஒரு மாதிரி பேசுறாருமா. எங்களுக்கு ஒண்ணும் புரியல." தொழிற்சாலை வாசலில், பஸ் நின்றுகொண்டிருந்தபோதே வந்திருக்கிறது. மூளையின் இடப் பக்கத்தில் ரத்த அடைப்பு. ஆஸ்பத்திரியில் வலது கை கொஞ்சம் திரும்பி வந்தது. கால் நன்றாகவே திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை.

ஒரே ஒரு சொல் மட்டும் இருந்தது. ரெண்டு. பசித்தால் ரெண்டு, வலித்தால் ரெண்டு, என்னைப் பார்த்தால் ரெண்டு. சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், அதற்கு அர்த்தம் தேடாதீர்கள் என்று சிகிச்சையாளர் சொன்னார். ஆனால் நாங்கள் சொல்வது எல்லாம் அப்பாவுக்குப் புரிந்தது. அம்மா கதவைத் திற என்றால் திறப்பார். அவருடைய சினேகிதர், பசாரில் டீக்கடை வைத்திருக்கும் மாமா, தே தாரிக் டீயைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வந்து, "என்னாடா, ஒன் பொண்டாட்டிய வித்துட்டு ரெண்டு பேரும் லங்காவி போயிருவோமா?" என்று கேட்டால், அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சிரித்துத் தலையை இல்லை என்று ஆட்டுவார். உள்ளே ஆள் இருந்தார். வெளியே வரத்தான் வழி இல்லை.

தினமும் மதியம் மூன்று மணிக்கு அவர் நாற்காலியை விட்டு எழுந்து இரும்புக் கதவருகே போய் நிற்பார். நான் இருந்தால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். "ரெண்டு. ரெண்டு ரெண்டு. ரெண்டு." அவசரமாக, முகத்துக்கு நேராக, ஒரு முழுச் செய்தியைச் சொல்லும் ராகத்தில். என்ன சொல்கிறார்? அதுதான் தெரிய வேண்டும். எனக்கு அந்த ஒன்றைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். நெட்வொர்க்கில் இருக்கும் இணைப்புகளை வேண்டுமென்றே வெட்டி, அது எப்படி உளறுகிறது என்று பார்த்து, அந்த உளறலை மூளையில் அடிபட்டவர்களின் பேச்சோடு ஒப்பிடும் வேலை எங்கள் துறையில் உண்டு. நான் அதைத் திருப்பிப் போட நினைத்தேன். அப்பாவின் முப்பது மணி நேரப் பேச்சை, அதாவது நான் எழுதி வைத்ததை, ஒரு நெட்வொர்க் மாடலுக்குப் பழக்குவேன். பிறகு வெட்டுவேன், அப்பாவைப் போலவே உடையும்வரை வெட்டுவேன். உடைந்த மாடல் வாயடைத்து நிற்கும் அதே இடத்தில் உடையாத மாடலை நிறுத்தி, இங்கே நீ என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்பேன். அதுதான் அப்பா சொல்ல நினைப்பது. எழுதும்போதே எவ்வளவு மடத்தனம் என்று தெரிகிறது. அப்போது நோபல் பரிசு மாதிரி இருந்தது.

டாக்டர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "மாடல் உடையுற மாதிரி மூளை உடையுதுன்னு நமக்கு ஒரு ஒப்புமை இருக்கு. அவ்ளோதான். ஒரு தனி ஆளோட மனசுல என்ன இருக்குன்னு இது சொல்லாதுமா."

"அப்பாவோட டேட்டா டாக்டர். அவர் பேச்சு மட்டும்தான் அதுல இருக்கு."

"அவர் பேச்சா?" என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டில் மூன்று மணிக்கு லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன். மாடலுக்குச் சூழலைக் கொடுப்பேன், அது வாக்கியங்களைக் கொடுக்கும். ஒவ்வொன்றாக அப்பாவிடம் படித்துக் காட்டி ஆமாமா இல்லையா என்று கேட்பேன். நடுவே பொறிக் கேள்விகள் வைப்பேன், ஆய்வில் அப்படி ஒரு முறை உண்டு. அவர் உண்மையாகத்தான் பதில் சொல்கிறாரா என்று பார்க்க, விடை எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் செருகிவிடுவது.

"அப்பா, நாம இப்ப ஈப்போலயா இருக்கோம்?"

முதல் நாள் அவர் என்னை ஒரு பார்வை பார்த்து, நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பைத்தியமா உனக்கு என்ற பார்வை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

பிறகு மாடல் கொடுத்த முதல் வாக்கியத்தைப் படித்தேன். "நான் பேருந்தைப் புறப்படச் செய்ய வேண்டும். பெண்மணிகள் காத்திருக்கிறார்கள்."

அப்பா சிரித்துவிட்டார். தோள் குலுங்கச் சிரித்தார். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "என்னாடி அது, ரேடியோ செய்தியா?"

"அப்பா பேசுனதும்மா."

"ஒங்கப்பா எந்தக் காலத்துல பெண்மணின்னாரு?"

இரண்டாம் வாரம் அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இல்லை, இல்லை, இல்லை. கையால் காற்றைத் தள்ளுவார். பிறகு மறுபடியும் மணிக்கட்டு, மறுபடியும் ரெண்டு. ஒரு நாள் லேப்டாப்பை மூடியே விட்டார், என் விரல் உள்ளே இருக்கும்போதே. அம்மா வந்து, "டீ கேக்குறாருடி," என்று ஒரு குவளையை அவர் கையில் திணித்தார். அவர் குடித்தார், அடங்கினார்.

எனக்கு எரிச்சல். நான் இத்தனை செய்கிறேன், அம்மாவுக்கு மட்டும் எப்படிப் புரிகிறது? அடுக்களைக்குப் போய்க் கேட்டேன். "எப்படிம்மா கண்டுபிடிக்கிறீங்க? கையப் பாத்தா? மூஞ்சப் பாத்தா? எனக்கும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அம்மா பானையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கும் தெரியாதுடி."

"அப்புறம் டீன்னீங்க?"

"ஏதாச்சும் ஒண்ணு குடுத்தா வாய மூடுறாரு. நேத்து டீ. முந்தாநாளு பிஸ்கட்டு. முப்பது வருசம் குடும்பம் நடத்துனவ, புருசன் என்னா கேக்குறாருன்னு தெரியலன்னு வெளிய சொல்ல முடியுமா?" தண்ணீரைத் திறந்துவிட்டார். அதற்கு மேல் பேச்சு கேட்கவில்லை.

டீக்கடை மாமாவிடம் புலம்பினேன். அவர் போனைத் துழாவி, "இந்தா, ஒங்கப்பன் ஒண்ணு அனுப்பிச்சிருந்தான். மத்ததெல்லாம் போன் மாத்துனப்ப போயிருச்சு," என்று ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டார். பசார் இரைச்சலுக்கு நடுவே அப்பா.

"டேய், நான் இன்னும் ஜாம்லதான்லா மாட்டிக்கிட்டு இருக்கேன். வடை முடிஞ்சிரும்னா எனக்கு ரெண்டு சிம்பான் பண்ணி வையி. தீஞ்சத வச்சிராத, போன தடவ மாதிரி. வந்தேன்னா மண்டையில போடுவேன்."

நான் டீக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பதினைந்து இருபது தடவை கேட்டிருப்பேன். பிறகு வீட்டுக்கு வந்து, முதல் தடவையாக, அவர் சொன்னது சொன்னபடியே அடித்தேன். ஜாம்லதான்லா. தீஞ்சத. மாடலில் போட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஆச்சரிய எண்ணைத் திரையில் கோடாக வரையும். எல்லாக் கோடுகளும் உச்சிக்குப் போயின. நடுவில் ஒரு இடம்கூட இறங்கவில்லை. அப்பாவின் பேச்சில் வளர்த்த மாடலுக்கு அப்பா பேசிய ஒவ்வொரு சொல்லும் அதிர்ச்சியாக இருந்தது. முன்பின் தெரியாத யாரோ ஒருவன் கதவைத் தட்டுகிறான் என்கிற மாதிரி. அது சரியாகத்தான் வேலை செய்தது. நான் கொடுத்ததைத்தான் கற்றிருந்தது. அந்த முப்பது மணி நேரத்திலும் பேசியது நான், பரிசு வாங்க நினைத்த தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டு மாணவி.

ஆனாலும் ஒரு துப்பு கிடைத்த மாதிரி இருந்தது. ரெண்டு சிம்பான் பண்ணி வையி. ரெண்டு வடை! மூன்று மணிக்குத்தான் வடை எண்ணெயிலிருந்து வரும், டூட்டி நடுவே அவர் மாமா கடையை நினைத்துக்கொள்ளும் நேரமாக இருக்கலாம். அடுத்த நாள் ஓடிப்போய் இரண்டு வடை எடுத்து வைக்கச் சொன்னேன். மாமா தீயாததாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். மூன்று மணிக்கு அப்பா கதவருகே வந்தபோது தட்டை நீட்டினேன். அப்போது எனக்கு இருந்த நம்பிக்கையை இப்போது நினைத்தால் என்மீதே பரிதாபமாக இருக்கிறது.

அவர் தட்டைப் பார்த்தார். ஒரு வடையை எடுத்து மென்றார். எனக்காகத்தான் மென்றார் என்று நினைக்கிறேன். இன்னொன்று தட்டிலேயே இருந்தது. கையை லுங்கியில் துடைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ரெண்டு," என்றார். மெதுவாக. கேட்டுப் பார்க்கிற மாதிரி. "ரெண்டு ரெண்டு."

"தெரியலப்பா."

கையை விட்டுவிட்டார். அவராகவே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை, அதுதான் என் புத்தி. வாய்ஸ் மெசேஜை வைத்து மாடலைக் கொஞ்சம் மாற்றினேன், அத்தனை சின்னத் துண்டால் வாக்கியங்கள் பேச்சு நடைக்கு வந்தன, அவ்வளவுதான். புதுப் பட்டியலோடு உட்கார்ந்தேன். முதல் வாக்கியம்: "பஸ்ஸ எடுக்கணும்." அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். அம்மாவைக் கூப்பிட்டேன். அடுத்தது: "டயர் பாக்கணும்." ஆமாம். "அந்த அக்காகிட்ட ஒண்ணு சொல்லணும்." ஆமாம். "கால் வலிக்குது." ஆமாம். ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு, ஒரே வேகம். ஆமாம் கட்டத்தில் டிக் ஏறிக்கொண்டே போனது. என் கை டிக் போட்டுக்கொண்டே போனது, தலைக்குத்தான் விஷயம் தாமதமாக ஏறியது.

"அப்பா, நாம இப்ப ஈப்போலயா இருக்கோம்?"

ஆமாம்.

"அம்மா யாருன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல?"

ஆமாம். அம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார், நோயாளியிடம் பேசும்போது வருமே, அந்தப் பொறுமையோடு. அவருக்குக் கேள்வி புரியாமல் இல்லை. புரியாதவரின் முகம் எனக்குத் தெரியும், அதைப் பார்ப்பதுதான் என் படிப்பு. இவர் எனக்கு வேண்டிய பதிலைக் கொடுத்து என்னை அடக்கிக்கொண்டிருந்தார். அம்மா அவருக்கு டீ கொடுத்த மாதிரி.

பொறிக் கேள்வியில் தவறியவரின் பதில்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட வேண்டும் என்பதும் விதிதான். டாக்டரிடம் காட்டினேன். அவர் தாளைப் புரட்டினார். "முன்ன உள்ள நாளுங்கள வச்சுக்கலாம்மா. அப்ப சரியாத்தான சொல்லியிருக்காரு."

"முன்ன எல்லாத்துக்கும் இல்லைன்னு சொல்லியிருக்காரு டாக்டர். அத வச்சு என்னா பண்றது?"

அப்பாவின் பேச்சையும் பதில்களையும் முழுவதுமாக எடுத்துவிட்டேன். ஆய்வேட்டை மற்றவர்களின் பேச்சை வைத்து முடித்தேன். அவர்கள் பேசியதையும் நான்தான் திருத்தியிருந்தேன், அதை முன்னுரையில் ஒரு பத்தியாக ஒப்புக்கொண்டேன். தேர்வாளர் அந்தப் பத்தியை நேர்மையானது என்று பாராட்டினார். தேர்ச்சி.

இப்போதும் மூன்று மணிக்குக் கீழே சாலையில் கில்லாங் பஸ் போகும். வேறு ஆள் ஓட்டுகிறார், திருப்பத்தில் ஹாரன் நீளமாக அடிப்பார். அப்பா எழுந்திருப்பதில்லை. ரெண்டு என்ற அந்தச் சொல்லைக்கூட நான் கேட்டு நாளாகிவிட்டது. நேற்று லேப்டாப் இல்லாமல், தாள் இல்லாமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேட்க எதுவும் இல்லை. சும்மா, அப்பா என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன்.

கூப்பிடுவதற்கு முன்பே ஆமாம் என்று தலையாட்டிவிட்டார்.